ஜெர்மனியில் டப்பாவின் மேல் ‘கிஃப்ட்’ என்று இருந்தால் தொடாதீர்கள்

ஜி, ஐ, எஃப், டி. நான்கே எழுத்து. லண்டனில் ஒரு கடைவாசலில் இதைக் கண்டால் உள்ளே போய் யாருக்காவது ஏதாவது வாங்கலாம். ஹாம்பர்க்கில் ஒரு டப்பாவின் மேல் கண்டால் அதைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே இருப்பது விஷம். ஸ்டாக்ஹோமில் யாராவது நம்மைப் பார்த்து இந்தச் சொல்லைப் போட்டுக் கேள்வி கேட்டால், பெரும்பாலும் கல்யாணம் ஆகிவிட்டதா என்றுதான் கேட்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் வருமான வரிக் கணக்கு எழுதும்போது கண்டால் அது நன்கொடை.

இத்தகைய சொற்களை மொழி கற்பிப்பவர்கள் ‘பொய் நண்பர்கள்’ என்பார்கள். தெரிந்த முகம்போல இருக்கும், கிட்டே போனால் வேறு ஆளாக இருக்கும். அந்தப் பட்டியல்களில் ‘கிஃப்ட்’ எப்போதும் முதல் வரிசையில் நிற்கிறது. படிப்பவர்கள் வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். இந்தச் சொல் பொய் நண்பனே இல்லை. உடன்பிறந்தவர்கள் ஆளுக்கொரு ஊரில் போய்க் குடியேறி, ஒருவர் மருத்துவரிடமும் ஒருவர் கல்யாண வீட்டிலும் வேலைக்குச் சேர்ந்த கதை இது.

உண்மையான தற்செயல் எப்படி இருக்கும் என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். ‘மோஸ்ட்’ என்று எழுதப்படும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அதற்கு ‘பெரும்பாலான’ என்று பொருள். செக், போலிஷ், ரஷ்யன் மொழிகளில் பாலம். ஜெர்மனில் புளிக்காத பழச்சாறு. ஹங்கேரியனில் ‘மோஷ்ட்’ என்று உச்சரிப்பார்கள். ‘இப்போது’ என்று பொருள். இந்த நான்கும் வெவ்வேறு வேர்களிலிருந்து வந்து ஒரே உருவத்தில் மோதிக்கொண்டவை. பாலத்துக்கும் பழச்சாற்றுக்கும் உறவு தேடினால் கிடைக்காது. ‘கிஃப்ட்’ அப்படியல்ல. பரிசு, விஷம், கல்யாணம் மூன்றும் ஒரே வீட்டிலிருந்து கிளம்பியவை.

அந்த வீடு ‘கொடு’ என்ற வினைச்சொல். ஆங்கிலத்தின் ‘கிவ்’, ஜெர்மனின் ‘கேபன்’, ஸ்வீடிஷின் ‘யே’ எல்லாமே ஒரே பழைய ஜெர்மானிய வினையின் பிள்ளைகள். அந்த வினையோடு டகர ஒலி சேர்ந்து ‘கொடுத்தல், கொடுக்கப்படுவது’ என்ற பெயர்ச்சொல் பிறந்தது. அதுதான் ‘கிஃப்ட்’. ஆகவே தொடக்கத்தில் அதன் பொருள் வெறும் கொடை. ஆனால் எதைக் கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியில்தான் வழிகள் பிரிந்தன.

முதல் வழி கல்யாணத்துக்குப் போகிறது. ஜெர்மானிய மொழிகளில் நமக்கு நீளமாகக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்து, 4ஆம் நூற்றாண்டில் கோத்திக் மொழியில் செய்யப்பட்ட விவிலிய மொழிபெயர்ப்பு. லூக்கா நற்செய்தியில் மரியாள் யோசேப்புக்கு நிச்சயிக்கப்பட்டவளாக இருந்தாள் என்று வரும் இடத்தில் மொழிபெயர்ப்பாளர் எடுத்தாண்ட சொல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ‘ஃப்ராகிஃப்ட்ஸ்’. கொடுத்துவிடுதல், அதாவது பெண்ணை வாக்குக் கொடுத்தல்.

இங்கிலாந்தில் வெஸ்ஸெக்ஸ் நாட்டை ஆண்ட ஐனே என்ற அரசன் 7ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு சட்டத்தொகுப்பு இயற்றினான். ஒருவன் ஒரு பெண்ணுக்கு விலை பேசி முடித்த பிறகு ‘கிஃப்ட்’ நடக்காமல் போனால், வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதோடு இழப்பீடும் கட்ட வேண்டும் என்கிறது அதில் ஒரு விதி. அங்கே ‘கிஃப்ட்’ என்றால் கல்யாணம். அன்றைய ஆங்கிலத்தில் ஒருமையில் வந்தால் பெண்ணுக்காகத் தரும் பணம், பன்மையில் வந்தால் திருமணம். இன்றைக்குப் பிறந்தநாள் பொட்டலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒருகாலத்தில் மணமேடையைக் குறித்தது என்பதை ஆங்கிலேயர்களே பெரும்பாலும் மறந்துவிட்டார்கள்.

ஸ்காண்டிநேவியாவில் அந்தப் பொருள் மறையவே இல்லை. ஸ்வீடனின் உப்லாந்து மாகாணச் சட்டம் 1296இல் அரசனால் ஏற்கப்பட்டது. அதில் பெண்ணைத் தாரைவார்க்கும் வேளையில் சொல்ல வேண்டிய வாசகம் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. அவளை மரியாதைக்கும், இல்லாளாகவும், பாதிப் படுக்கைக்கும், பூட்டுக்கும் சாவிக்கும், ஒவ்வொரு மூன்றாம் காசுக்கும் உரியவளாகத் தருகிறேன் என்று போகும் அது. பூட்டும் சாவியும் என்றால் வீட்டு நிர்வாகம். மூன்றாம் காசு என்றால் சொத்தில் பங்கு. வாசகம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வது பெண் அல்ல, அவளைக் கொடுக்கும் உரிமை பெற்ற ஆண். தகப்பன், அவன் இல்லாவிட்டால் அண்ணன் அல்லது நெருங்கிய உறவினன். அவனுக்கு ‘யிஃப்டோமான்’ என்று பெயர். கொடுப்பவன், அவ்வளவுதான் பொருள்.

1734ஆம் ஆண்டில் ஸ்வீடன் தன் சட்டங்களையெல்லாம் ஒன்றுதிரட்டியபோது முதல் பகுதிக்கு வைத்த பெயர் ‘யிஃப்டெர்மோல்ஸ்பால்க்’, திருமணப் பகுதி. அதிலும் கொடுப்பவனின் சம்மதம் இல்லாமல் பெண் மணம் செய்ய முடியாது. காலப்போக்கில் அந்த அதிகாரம் தேய்ந்து மறைந்தது. சொல் மட்டும் தங்கிவிட்டது. இன்று ஒரு ஸ்வீடிஷ் பெண் ‘நான் யிஃப்ட்’ என்று சொல்லும்போது தன்னை யாரும் கொடுத்ததாக அவள் நினைப்பதில்லை. ஆணும் அதே சொல்லைத்தான் தன்னைப்பற்றிச் சொல்கிறான். ஆனாலும் சொல்லுக்குள் அந்தப் பழைய கை நீட்டப்பட்டபடியே இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் ஸ்வீடிஷ் திருமணச் சட்டத்தில்கூட, விவாகரத்தானால் இருவரும் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டிய சொத்துக்கு ‘யிஃப்டோரெட்ஸ்கூட்ஸ்’ என்றுதான் பெயர்.

தமிழ் பேசுகிறவருக்கு இதில் எதுவும் அந்நியமாகப் படக்கூடாது. ‘பொண்ணு கொடுத்த இடம்’ என்கிறோம். ‘அவங்களுக்கும் நமக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு’ என்றால் சம்பந்தம் செய்கிற உறவு. சரி, அதே கொடுப்பினையைத் தனியே எடுத்துச் சொன்னால் என்ன பொருள்? ‘அதுக்கெல்லாம் ஒரு கொடுப்பினை வேணும்.’ அதிர்ஷ்டம், விதித்தது. ஸ்காண்டிநேவியாவில் முன்பு பேசிய பழைய நார்ஸ் மொழியிலும் இந்த வேரிலிருந்து வந்த ‘கிப்தா’ என்ற பெயர்ச்சொல்லுக்கு நல்லூழ் என்று பொருள். அதே வடிவில் வரும் வினைச்சொல்லுக்குப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தல் என்று பொருள். ஐஸ்லாந்தில் இன்றும் இரண்டும் வாழ்கின்றன. ஐஸ்லாந்துக்கும் நமக்கும் மொழி உறவு கிடையாது. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. ‘கொடு’ என்று ஒரு வினை இருந்து, பெண்ணைக் கொடுக்கிற வழக்கமும் தெய்வம் கொடுக்கும் என்கிற நம்பிக்கையும் இருந்தால், சொல் தானாகவே இந்த இரண்டு இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது போலும். நான் இந்தச் சொல்லை விடாமல் துரத்தக் காரணமே இந்த ஒற்றுமைதான்.

ஆங்கிலத்துக்கு ஒரு வரி பாக்கி. பழைய ஆங்கிலத்தில் இகரத்துக்கு முன்னால் வந்த ககரம் யகரமாக ஒலித்தது. அந்த வழியே வந்திருந்தால் இன்று ‘யிஃப்ட்’ என்றுதான் இருந்திருக்கும். ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி, அவர்களுடைய அழுத்தமான ககரமும் பரிசு என்ற பொருளும் கலந்த பிறகுதான் இப்போதுள்ள சொல் உருவானது. நாம் தமிழில் ‘கிஃப்ட்’ என்று எழுதும்போது முதலில் போடும் ‘கி’ வைக்கிங்குகள் தந்தது. வேடிக்கையாக, அந்த வைக்கிங்குகளின் வாரிசுகளான ஸ்வீடன்காரரும் நார்வேக்காரரும் பிற்காலத்தில் அந்த ககரத்தை விட்டுவிட்டு ‘யிஃப்ட்’ என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

இனி விஷம். கொடை எப்படி நஞ்சானது?

வழி கிரேக்கத்திலிருந்து தொடங்குகிறது. கிரேக்கத்தில் ‘தோசிஸ்’ என்றால் கொடுத்தல். மருத்துவர்கள் அதை ஒருவேளைக்கு நோயாளியிடம் கொடுக்கும் மருந்தின் அளவுக்குப் பயன்படுத்தினார்கள். லத்தீன் அப்படியே எடுத்துக்கொண்டது. இடைக்காலத்தில் ஜெர்மன் பேசிய பகுதிகளில் மருத்துவம் கற்றவர்கள் அந்த லத்தீன் சொல்லைத் தங்கள் மொழியில் சொல்ல விரும்பினார்கள். கொடுத்தலுக்குக் கொடுத்தல், ‘கிஃப்ட்’ என்று பெயர்த்தார்கள். ஆக ஜெர்மனில் ஒரு ‘கிஃப்ட்’ என்பது ஒருவேளை மருந்து. பிறகு, தவறான கையால் கொடுக்கப்பட்ட ஒருவேளை. பிறகு, உயிரை எடுக்கும் பொருள்.

அந்த ‘தோசிஸ்’ தான் ஆங்கிலம் வழியாக நமக்கு ‘டோஸ்’ ஆக வந்தது. மாத்திரை டோஸ், தடுப்பூசி டோஸ் எல்லாம் சரி. ‘மேனேஜர்கிட்ட இன்னைக்குச் செம டோஸ்’ என்று சொல்லும்போது நாமும் கொடுத்தல் என்ற சொல்லைக் கசப்பான பக்கம் திருப்பிவிட்டோம். ஜெர்மன்காரர்கள் அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தூரம் நடந்தவர்கள்.

பாராசெல்சஸ் என்று உலகம் அறியும் சுவிட்சர்லாந்து மருத்துவர் 1538இல் தன் மீது வந்த குற்றச்சாட்டுகளுக்குப் பதில் எழுதினார். லத்தீனில் மட்டுமே மருத்துவம் பேசப்பட்ட காலத்தில் பாசெல் பல்கலைக்கழகத்தில் ஜெர்மனில் பாடம் நடத்தியவர் அவர். மக்களின் மொழியில் எழுதிய அந்தப் பதிலில் நச்சியல் துறையே இன்றுவரை மேற்கோள் காட்டும் வாக்கியம் இருக்கிறது. எல்லாப் பொருளும் ‘கிஃப்ட்’ தான், ‘கிஃப்ட்’ இல்லாத பொருள் எதுவும் இல்லை. ‘தோசிஸ்’ மட்டுமே ஒரு பொருளை ‘கிஃப்ட்’ அல்லாததாக ஆக்குகிறது. நம் ஊர்ப் பழமொழியான ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ சொல்வதும் இதைத்தான். ஆனால் ஜெர்மன் வாக்கியத்தில் மொழி இன்னொரு காரியம் செய்கிறது. ‘தோசிஸ்’, ‘கிஃப்ட்’ இரண்டுமே பிறப்பில் கொடுத்தல் என்ற ஒரே பொருள்கொண்டவை. இரண்டாவது முதலாவதன் மொழிபெயர்ப்பு. பாராசெல்சஸ் காலத்துக்குள் ஒன்று நல்ல அளவாகவும் மற்றது கொல்லும் பொருளாகவும் பிரிந்து நின்று, ஒரே வாக்கியத்தில் எதிரெதிரே வந்து சந்திக்கின்றன.

பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1924இல் ‘கிஃப்ட், கிஃப்ட்’ என்ற தலைப்பிலேயே ஒரு சிறு கட்டுரை எழுதினார். அவருடைய பதில் வேறு. பழைய ஜெர்மானியச் சமூகங்களில் கொடையின் முதன்மையான வடிவம் பானம். விருந்தில் சேர்ந்து குடிப்பது, தெய்வத்துக்கு வார்ப்பது. பானமாக வரும் கொடையில்தான் அது நல்லதா கெட்டதா என்ற சந்தேகம் பெறுபவருக்கு மிக அதிகம். கொடை வாங்குகிறவன் கொடுப்பவனிடம் கட்டுண்டுபோகிறான். அந்தக் கட்டே ஒரு ஆபத்து என்பது அவர் வாதம். மனித உறவைப் பற்றிய உண்மையாக இதை நான் மதிக்கிறேன். சொல் வரலாறாக ஏற்கத் தயக்கம் இருக்கிறது. சொல்லைக் கொண்டுவந்தது மருத்துவரின் கைதான், விருந்து மேசை அல்ல. மோஸ் விளக்குவது, வந்த சொல் ஏன் அங்கேயே ஒட்டிக்கொண்டது என்பதை.

விஷத்தை நேராகப் பெயர்சொல்ல மனிதருக்குத் தயக்கம் உண்டு. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் விஷத்தைக் குறிக்கும் ‘பாய்சன்’ லத்தீனில் வெறும் ‘பானம்’. லத்தீனின் ‘வெனேனும்’ காதல் தேவதை வீனஸின் பெயரோடு வேர் உறவு கொண்டது; முதலில் வசிய மருந்தாக இருந்திருக்கும் என்பது மொழியறிஞர்கள் கருத்து. ரோமச் சட்ட அறிஞர் காயுஸ், ‘வெனேனும்’ என்று சொல்பவர் அது நல்லதா கெட்டதா என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்தும் ‘வெனேனும்’ தான் என்று விளக்கம் எழுதினார். நாம் மட்டும் என்ன? பூச்சிமருந்து, எலிமருந்து என்கிறோம். எலிக்கு என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை. ‘மருந்து வச்சிட்டாங்க’ என்றால் ஒரு பொருள், வயல்காட்டிலிருந்து ‘மருந்தக் குடிச்சிட்டா’ என்று குரல் வந்தால் ஊரே பதறி ஓடும். நஞ்சு, விடம், ஆலம் என்று எத்தனை சொல் கைவசம் இருந்தும், அந்த நேரத்தில் வாயில் வருவது மருந்துதான்.

ஜெர்மானிய மொழிகளிலும் விஷத்துக்கு ஏற்கெனவே தனிச்சொல் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘ஆட்டோர்’. டேனிஷில் ‘எதர்’, சிலந்திக்கு டேனிஷில் இன்றும் உள்ள பெயரின் முன்பாதி அதுதான். புதிய சொல் வந்ததும் பழையது ஒதுங்கிப் போனது. ஜெர்மனில் அதன் உறவான ‘ஐடர்’ இப்போது புண்ணிலிருந்து வரும் சீழை மட்டும் குறிக்கிறது.

கொடை என்ற பொருளும் ஜெர்மனில் உடனே சாகவில்லை. சில நூற்றாண்டுகள் இரண்டும் அருகருகே இருந்தன. இலக்கணப் பால் கொஞ்சம் கைகொடுத்தது; கொடை பெண்பால், விஷம் இன்று அஃறிணைப் பால். ஆனால் ஒரே ஓசையில் பரிசும் விஷமும் இருந்தால் எது வெல்லும் என்பதில் சந்தேகம் இல்லை. பயம்தான் வெல்லும். பழைய பொருளுக்கு மிஞ்சிய ஒரே பெரிய புகலிடம் ‘மிட்கிஃப்ட்’ என்ற கூட்டுச்சொல். பெண்ணோடு சேர்த்துக் கொடுப்பது, சீர்வரிசை. அது இன்னும் பெண்பாலாகவே இருக்கிறது.

காலியான பரிசு இடத்துக்கு ஜெர்மனில் ‘கெஷெங்க்’ வந்து உட்கார்ந்தது. அதன் வினையான ‘ஷெங்கன்’ முதலில் எதைக் குறித்தது தெரியுமா? பானம் ஊற்றிக் கொடுப்பதை. அரசனுக்கு மதுக்கிண்ணம் நீட்டும் பணியாளுக்கு அந்த வேரிலிருந்துதான் பெயர். ஆக, பிரான்சில் ஊற்றிக் கொடுத்தது விஷமானது. ஜெர்மனியில் ஊற்றிக் கொடுத்தது பரிசானது, வெறுமனே கொடுத்தது விஷமானது. இந்தக் குறுக்குப் பாதையை முதலில் புரிந்துகொண்ட நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இன்றைய ஜெர்மனில் ‘கிஃப்ட்’ நன்றாக வேரூன்றிய சொல். விஷமுறிவு ஆலோசனைக்கான அவசரத் தொலைபேசி ‘கிஃப்ட்நோட்ரூஃப்’. மருந்துக்கடையில் ஆபத்தான மருந்துகளைப் பூட்டிவைக்கும் அலமாரி ‘கிஃப்ட்ஷ்ராங்க்’. நூலகத்தில் தடைசெய்யப்பட்ட புத்தகங்களைப் பூட்டிவைத்த அலமாரிக்கும் அதே பெயர். ஒரு செய்தி நூற்றுக்கு நூறு உறுதி என்று சொல்ல, ‘அதை நம்பி நீ கிஃப்ட் குடிக்கலாம்’ என்பார்கள். ஆஸ்திரியாவில் ஒருவர் எரிச்சலில் பொருமினால் அவர் தன்னைத்தானே ‘கிஃப்டன்’ செய்துகொள்கிறார்.

டச்சு மொழி இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. நன்கொடைக்கு ‘கிஃப்ட்’ என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, விஷத்துக்குக் கடைசி டகரத்தை வெட்டி ‘கிஃப்’ ஆக்கிவிட்டார்கள். ஆனால் ‘விஷமுள்ள’ என்று சொல்லும்போது வெட்டிய டகரம் ‘கிஃப்டிக்’ என்று திரும்பி வந்துவிடுகிறது.

மிச்சம் இருப்பது வடக்கில் நடந்த சந்திப்பு. ஹன்சா வணிகக் கூட்டமைப்பின் காலத்தில் லூபெக், ஹாம்பர்க் வணிகர்கள் பேசிய தாழ் ஜெர்மன், அதாவது வட ஜெர்மனியின் பேச்சுமொழி, பால்டிக் கடலோரமெங்கும் அதற்கு அப்பாலும் பரவியது. பெர்கன், விஸ்பி, ஸ்டாக்ஹோம் துறைமுகங்களில் அவர்கள் குடியிருந்தார்கள். சரக்கோடு சொற்களும் இறங்கின. அப்படி இறங்கியவற்றில் ஒன்று விஷம் என்ற பொருளில் ‘கிஃப்ட்’. அங்கே ஏற்கெனவே கல்யாணம் என்ற பொருளில் அதன் உடன்பிறப்பு உட்கார்ந்திருந்தது. பல நூற்றாண்டு பிரிந்திருந்த இரண்டும் ஒரே மொழியில், ஒரே எழுத்தில் மறுபடி சேர்ந்தன. ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன் மூன்றிலும் இன்றும் இரண்டு பொருளும் உண்டு. ஸ்வீடனின் விஷத் தகவல் மையத்தின் பெயரும் ‘யிஃப்ட்’ என்றுதான் தொடங்குகிறது, மணமானவர் என்ற சொல்லும் அதுதான். கல்யாணத்தையும் விஷத்தையும் முடிச்சுப்போட்டு அங்கே எல்லோரும் கேலி பேசுவார்கள். ஆனால் பேச்சில் குழப்பம் வருவதில்லை. ஒன்று பெயர்ச்சொல், மற்றது பெயரடை. பரிசுக்கு ‘கோவா’ என்று வேறு சொல்லும் இருக்கிறது. கடலுக்கு நடுவில் தள்ளி இருந்த ஐஸ்லாந்து மட்டும் தப்பியது. அங்கே விஷத்துக்கு இன்றும் பழைய ‘எய்டுர்’ தான், இந்தச் சொல் கல்யாணத்தோடும் நல்லூழோடும் நிற்கிறது.

அதே தாழ் ஜெர்மன் வணிகர்கள் எஸ்டோனியாவின் தாலின் துறைமுகத்திலும் இறங்கினார்கள். எஸ்டோனியன் ஜெர்மானிய மொழியே அல்ல, ஃபின்னிஷின் உறவு. அவர்கள் வாயில் இந்தச் சொல் ‘கிஹ்வ்ட்’ ஆனது, பொருள் விஷம். நாளடைவில் விஷத்துக்கு ‘மியுர்க்’ என்ற சொல்லே நிலைத்துவிட, ‘கிஹ்வ்ட்’ பேச்சுவழக்கில் வேறு பக்கம் திரும்பியது. நாம் ‘செம’ என்று சொல்லும் இடத்தில் எஸ்டோனியர்கள் அதைச் சொல்கிறார்கள். ஒரு புதுச் சைக்கிளைக் காட்டினால் போதும், ‘கிஹ்வ்ட்!’ என்பார்கள்.